குருதியின் மேல் ஏற்றப்பட்ட பழி

ஷஅபான் மாதத்து மாலைப் பொழுது ஒன்றில், அஸர் தொழுகை முடிந்து மதரஸாப் பிள்ளைகள் கலைந்து சென்றபின், அம்மையார் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகன் சிறு வயதில் என்னிடம் ஓதியவன். சோமனூரில் பிறர் தறிக்கூடத்தில் கூலிக்கு வேலை பார்த்து, பின்னர் இரண்டு விசைத்தறிகளைச் சொந்தமாக ஓட்டுமளவுக்கு உயர்ந்தவன். இருபத்து நான்காம் வயதில் அவனுக்கு ஒரு மாற்றம் வந்தது. மூன்று இரவுகள் உறங்கவில்லை. ஆயினும் களைப்பென்பது அவனிடம் காணப்படவில்லை. கடன் வாங்கி எட்டுத் தறிகளுக்கு முன்பணம் கொடுத்தான். ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் வேலை தரப்போவதாகத் தெருவில் நின்று முழங்கினான். தடுத்த அத்தாவைத் தள்ளிவிட்டான். சில மாதங்கள் சென்றன. அதே பிள்ளை பாயை விட்டு எழவில்லை. தறியும் நின்றது, பேச்சும் நின்றது.

ஜின் தீண்டிவிட்டது என்றனர் அக்கம்பக்கத்தார். எங்கோ ஓரிடத்திற்குக் கொண்டு சென்று காலில் சங்கிலியிட்டு நாற்பது நாள் வைத்திருந்தனர். கணுக்காலில் புண் வந்ததேயன்றிக் குணம் வரவில்லை. இறுதியில் உறவினர் ஒருவர் பெங்களூருக்கு அழைத்துச் சென்றார். மருந்து தொடங்கியது. இன்று அவன் தறி ஓட்டுகிறான். ஜுமுஆவுக்கு முன்வரிசையில் வந்து அமர்கிறான்.

அம்மையார் வந்தது வேறொரு வினாவோடு. நோயின் காரணத்தை ஆராய்வதற்காகக் குடும்பத்தார் எல்லோரிடமும் சிறிது இரத்தம் தர விருப்பமா என்று மருத்துவர்கள் கேட்டிருந்தார்கள். அவர் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டார்: “ஹஜ்ரத், ரத்தத்தைக் குடுத்தா எங்க குடும்பத்துக் குறையெல்லாம் அதுல தெரிஞ்சு போயிருமாங்க? நாளைக்கு எம் பொண்ணுக்கு எப்படிங்க வரன் வரும்?”

அன்று என்னிடம் துஆவைத் தவிர வேறு விடை இருக்கவில்லை. அந்த வினா என்னை உறங்கவிடவில்லை. பழைய அரபு நூல்களைப் புரட்டினேன். என்னிடம் ஓதி இன்று மருத்துவராக இருப்போரிடம் கேட்டறிந்தேன். அவ்வாறு அறிந்தவற்றை, அந்தத் தாயைப் போல் இன்னும் எத்தனையோ வீடுகளில் வாய்திறவாது வருந்தும் பெற்றோருக்காக இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

மறைந்திருப்பது

இந்நோயை இன்றைய மருத்துவர்கள் இருதுருவ மனநோய் என்பர். ‘பைபோலார்’ என்னும் ஆங்கிலப் பெயரும் மருத்துவமனைகளில் வழங்குகிறது. உள்ளம் ஒரு காலத்தில் எல்லைமீறிப் பொங்கும். மற்றொரு காலத்தில் எழ முடியாதபடி அமிழ்ந்துபோகும். இடையில் நோயாளர் மற்றவரைப் போன்றே இயல்பாக இருப்பார். இவ்விடைவெளியே பலரை ஏமாற்றிவிடுகிறது. “நேற்று நன்றாகத்தானே இருந்தான், இது நடிப்பு” என்போரும் உளர். “நேற்று நன்றாகத்தானே இருந்தான், இது ஏவல்” என்போரும் உளர்.

அரபு மொழியில் மனம் பேதலித்தவரை ‘மஜ்னூன்’ என்கிறோம். அச்சொல்லின் வேர் மறைத்தல் என்னும் பொருளுடையது. ஜின் என்பதும் அவ்வேரிலிருந்து பிறந்ததே; கண்ணுக்கு மறைந்திருப்பதால் அப்பெயர். தாயின் கருவறையில் மறைந்திருக்கும் சிசுவுக்கு வழங்கும் ‘ஜனீன்’ என்னும் பெயரும் அதே வேரிலிருந்து வந்தது. நம் மக்கள் மஜ்னூன் என்றதும் ஜின்னை நினைத்தார்கள். ஜனீனை நினைத்தவர் சிலரே. ஆனால், அந்தச் சிலர் நம் முன்னோரிடையே இருந்தனர் என்பதே நான் சொல்ல வரும் வரலாற்றின் முதல் ஏடு.

பாக்தாதிலிருந்து கைரவான் நகரத்திற்கு வந்து, அக்லபிய மன்னரிடம் மருத்துவராகப் பணியாற்றிப் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தவர் இஸ்ஹாக் இப்னு இம்ரான். ‘மாலன்கூலியா’ என்னும் மனச்சோர்வு நோய்க்கென்றே அவர் தனி நூல் இயற்றினார். அந்நோய்க்கான காரணங்களைப் பகுக்கும்போது, வாழ்க்கையில் நேரும் இழப்பும் அச்சமும் மட்டுமின்றி, சிலருக்கு அது கருவிலேயே பெற்றோர் வழியாக அமைந்துவிடக்கூடும் என்பதையும் அவர் எடுத்துரைத்தார். பதினோராம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கான்ஸ்டன்டைன் என்னும் துறவியின் இலத்தீன் நூலின் வழியாக இக்கருத்துகள் ஐரோப்பாவுக்குச் சென்றன.

அவர் காலத்தை ஒட்டி வாழ்ந்த அபூ ஜைத் அல்பல்கீ (850–934) துயரத்தை இரண்டாகப் பிரித்தார்: காரணம் தெரிந்த துயரம் ஒன்று; காரணமின்றி வந்து கவியும் துயரம் மற்றொன்று. முன்னதற்கு ஆறுதலும், பின்னதற்கு உடலுக்குரிய சிகிச்சையும் தேவை என்பது அவர் கொள்கை. இப்னு ஸீனா தம் ‘கானூன்’ என்னும் பெருநூலில் இன்னும் ஓர் அடி முன்சென்றார். சோர்வு நோய் தன் இயல்பு மாறி, கொதிப்பும் பாய்ச்சலும் உடையதாகும்போது அது ‘மானியா’ என்னும் பெயர் பெறுகிறது என்று எழுதினார். ஒரே நோயின் இரு முகங்களை அவர் ஓரளவேனும் கண்டுகொண்டார் எனலாம்.

நூலோடும் நிற்கவில்லை. திமிஷ்கில் நூருத்தீன் 1154 ஆம் ஆண்டில் நிறுவிய மருத்துவமனையிலும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284 இல் கட்டி முடித்த மருத்துவமனையிலும் மனநோயாளருக்கெனத் தனிப் பகுதிகள் இருந்தன. அங்கும் வன்முறை மிகுந்தவர்களைக் கட்டி வைத்ததுண்டு. அதை மறைத்துப் பெருமை பேசுவது நேர்மையாகாது. எனினும் அவர்கள் நோயாளர் என்பதும், மருத்துவரே அவர்களைப் பார்க்க வேண்டியவர் என்பதும் அங்கே ஐயத்திற்கு இடமின்றி ஏற்கப்பட்டிருந்தன.

ஒரு சாம்பல் நிற ஒட்டகம்

பரம்பரை பற்றிப் பேசும்போது ஒரு நிகழ்ச்சியை நினைவுகூராமல் இருக்க முடியாது. புகாரீ, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகள் இரண்டிலும் அது இடம்பெற்றுள்ளது. நாட்டுப்புற அரபி ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் மனைவி கறுப்பு நிறக் குழந்தையைப் பெற்றிருக்கிறாள் என்று முறையிட்டார். தம் மனைவியின் மீது அவருக்கு ஐயம். அவரிடம் ஒட்டகங்கள் உண்டா, அவற்றின் நிறம் என்ன என்று நபியவர்கள் வினவினார்கள். சிவப்பு நிறம் என்றார். அவற்றில் சாம்பல் நிறமுடையது ஏதும் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார். அந்நிறம் எங்கிருந்து வந்தது என்றார்கள். முன்னோர் வழியிலுள்ள ஏதோ ஒரு ‘இர்க்’ இழுத்திருக்கக்கூடும் என்று அவரே சொல்லும்படி ஆயிற்று. இர்க் என்றால் நரம்பு என்றும் வேர் என்றும் பொருள். உம்முடைய பிள்ளைக்கும் அவ்வாறே இருக்கலாம் என்று கூறி அவரை அனுப்பினார்கள்.

ஓதிக்கொடுக்கும்போது இந்நிகழ்ச்சியைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆயினும் அந்தத் தாயின் வினாவுக்குப் பின்னரே அதன் ஆழம் எனக்குப் புலப்பட்டது. பரம்பரையின் இழுப்பு என்னும் உண்மை அங்கே யார் மேலும் பழி சுமத்துவதற்காகச் சொல்லப்படவில்லை. ஒரு பெண்ணின் மேல் விழவிருந்த பழியை நீக்குவதற்காகச் சொல்லப்பட்டது. பின்வந்த மனிதர்களோ அதே உண்மையைப் பழியாக மாற்றினார்கள். அக்கதை கொடியது.

உண்மையைப் புதைத்த அறிஞர்

1854 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர்களான ஃபால்ரே, பையார்ஜே ஆகிய இருவரும் தனித்தனியே, எழுச்சியும் சோர்வும் சக்கரம்போல் மாறிவரும் ஒரே நோயை விவரித்தனர். இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதை ஃபால்ரே அப்போதே குறிப்பிட்டார். ஜெர்மானிய அறிஞர் எமில் கிரேப்பலின் 1899 இல் வெளியிட்ட தம் பாடநூலில் இதற்குத் தெளிவான வரையறை அளித்து, ஏனைய மனநோய்களினின்றும் பிரித்துக் காட்டினார்.

கிரேப்பலின் மியூனிக்கில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் பரம்பரை ஆய்வுப் பிரிவுக்குத் தலைவராயிருந்தவர் ஏர்ன்ஸ்ட் ரூடின். மெண்டல் பட்டாணிச் செடிகளில் கண்ட எளிய விதிப்படி இந்நோயும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் என்பதை நிறுவ விரும்பி, 1922 முதல் 1925 வரை பெரியதோர் ஆய்வை அவர் நடத்தினார். கணக்கு அவர் எதிர்பார்த்தபடி அமையவில்லை. நோய் குடும்பத்தில் வருகிறது. ஆனால், எளிய விதி எதற்கும் அது கட்டுப்படவில்லை. அந்த முடிவை அவர் வெளியிடவே இல்லை. பிற்கால ஆய்வாளர்கள் அக்கையெழுத்துப் படியை எடுத்து ஆராய்ந்து, 2015 ஆம் ஆண்டில் இதை உலகுக்கு அறிவித்தனர்.

அந்த மௌனத்தின் விலை என்ன? 1933 ஜூலை 14 அன்று ஹிட்லரின் அரசு, பரம்பரை நோயுள்ளோருக்குப் பிள்ளை பிறவாமல் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. அதில் பெயர் கூறப்பட்ட நோய்களுள் இந்த நோயும் ஒன்று. அச்சட்டத்திற்கு அதிகாரபூர்வ விளக்கவுரை எழுதியவர்களுள் ரூடினும் ஒருவர்! ஏறத்தாழ 4 லட்சம் ஆடவரும் பெண்டிரும் கட்டாயமாகக் கருத்தடை அறுவைக்கு உட்படுத்தப்பட்டனர். 1940, 1941 ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 70,000 நோயாளர்கள் நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டனர். தம் கையிலிருந்த கணக்கு என்ன சொல்கிறது என்பதை ஓர் அறிஞர் மறைத்தார்; மறைத்ததோடு, அதற்கு நேர்மாறான அறிவுரையை அரசனுக்கு வழங்கினார். அறிவு ஓர் அமானிதம் என்று நாம் சொல்வதன் பொருள் இத்தகைய இடத்தில்தான் விளங்குகிறது.

நூற்றில் எத்தனை?

பரம்பரைத் தொடர்பு உண்டு என்பது உண்மையே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், எவ்வளவு உண்டு? இக்கேள்விக்கு விடை காணாமல் அஞ்சுவதும் தவறு, அஞ்சவைப்பதும் தவறு.

பொதுமக்களில் தோராயமாக நூற்றுக்கு ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வரலாம் என்பது உலக அளவில் கொள்ளப்படும் மதிப்பு. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகிய நெருங்கிய இரத்த உறவில் ஒருவருக்கு நோயிருந்தால், மற்றொருவருக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 5 முதல் 10 வரை உயர்கிறது. இதைக் கேட்டதும், “பத்து மடங்கா!” என்று திகைப்போம். அதையே புரட்டிப் பார்த்தால் என்ன? நோயாளரின் தங்கையர் நூறு பேரை எடுத்துக்கொண்டால், 90 பேருக்குக் குறையாமல் இந்நோய் வராமலேயே வாழ்ந்து முடிப்பர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வருவது ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டு, நூற்றுக்கு 40 முதல் 70 வரை எனக் காணப்படுகிறது. பரம்பரைப் பொருள் முழுவதும் ஒன்றாயிருந்தும் எல்லா இரட்டையருக்கும் நோய் வருவதில்லை என்பதே இதன் பொருள். ஆகவே, குருதி ஒன்றே முடிவு செய்வதில்லை.

இரண்டு மனிதர் நோயுற்றபோது

ஆயினும், எங்கோ ஒரு குரோமோசோமில் இந்நோய்க்குரிய ஒற்றை மரபணு ஒளிந்திருக்கிறது, அதைப் பிடித்துவிடலாம் என்னும் நம்பிக்கை அறிஞர்களைவிட்டு அகலவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ‘ஆமிஷ்’ என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் வாழ்கின்றனர். மோட்டார் வண்டியும் மின்சாரமும் தவிர்த்து, குதிரை வண்டியும் ஏருமாக வாழ்பவர்கள்; தங்களுக்குள்ளேயே மணம் முடிப்பவர்கள்; தலைமுறைக் கணக்கைப் பிசகாமல் எழுதி வைப்பவர்கள். மதுப்பழக்கமும் போதையும் அங்கே அரிது என்பதால் மனநோயை வேறொன்றோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ஜானிஸ் எகலண்ட் என்னும் அம்மையார் 1976 முதல் அம்மக்களிடையே தங்கிப் பழகி இந்நோயை ஆராய்ந்தார்.

1987 பிப்ரவரியில் அவரும் அவருடைய தோழர்களும் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு பெரிய ஆமிஷ் குடும்பத்தில் இந்நோய் பதினோராம் குரோமோசோமின் ஒரு பகுதியோடு சேர்ந்தே இறங்குகிறது என்பது அதன் சாரம். உலகப் பத்திரிகைகள் பித்தின் மரபணு கிடைத்துவிட்டதென முழங்கின. அடுத்த மாதமே இஸ்ரேல் நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்த வேறொரு குழுவினர், காரணம் எக்ஸ் குரோமோசோமில் உள்ளதென அறிவித்தனர்.

இரண்டே ஆண்டுகள் கழிந்தன. அந்த ஆமிஷ் குடும்பத்தில் நோயற்றோர் என்று முன்பு எழுதப்பட்டிருந்த இருவர் நோயுற்றனர். அவர்களிடம் அந்தப் பதினோராம் குரோமோசோம் அடையாளம் இல்லை! மேலும் சில உறவினர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது முந்திய முடிவு சரிந்து விழுந்தது. 1989 நவம்பரில், அதே குழுவைச் சேர்ந்தவர்களும் பங்குகொண்டு, அதே இதழில் இதை வெளியிட்டனர். இஸ்ரேல் குடும்பங்களைப் பற்றிய முடிவும் 1993 இல் அதை வெளியிட்டவர்களாலேயே கைவிடப்பட்டது.

ரூடின் தம் தோல்வியைப் புதைத்தார். இவர்கள் தங்கள் தோல்வியை ஊரறியச் சொன்னார்கள். அறிவுலகம் மேலே நகர்ந்தது இந்தத் தோல்வி அறிக்கையினாலேயே. ஒற்றை வேர் என்பது கிடையாது என்னும் எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது.

298 இடங்கள்

இதன் பிறகு வழி மாறியது. ஒரு குடும்பத்தை மட்டும் துருவாமல், ஆயிரக்கணக்கான நோயாளர்களையும் நோயற்றவர்களையும் ஒப்பிடத் தொடங்கினர். 2021 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 42,000 நோயாளர்களைக் கொண்டு மரபுப் பொருளில் 64 இடங்களைக் கண்டனர். 2025 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு 1,58,036 நோயாளர்களையும், நோயற்றோர் ஏறத்தாழ 28 லட்சம் பேரையும் ஒப்பிட்டு, 298 இடங்களை அடையாளம் காட்டியது.

இந்த 298 இடங்களும் நோயாளர் குடும்பங்களில் மட்டும் காணப்படுபவை அல்ல. அங்கே காணப்படும் சிறு வேறுபாடுகள் பெரும்பாலும் எல்லா மக்களிடமும் பரவிக் கிடப்பவை. ஒவ்வொன்றும் வாய்ப்பை மிகச் சிறிதளவே கூட்டுகிறது. உங்களிடமும் சில உண்டு. என்னிடமும் சில உண்டு. சோமனூர்க்காரருக்கு இதை விளக்க நீண்ட உரை வேண்டியதில்லை. பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். எங்கோ சில இழை மெலிந்திருப்பது எல்லாப் பாவிலும் உண்டு. மெலிந்த இழைகள் பல ஓரிடத்தில் நெருங்கி, ஊடையும் இழுத்து, தறியின் ஓட்டமும் கடுமையாகும்போதுதான் துணி கிழிகிறது. கிழிந்த துணியைக் காட்டி ஓர் இழையின் மேல் மட்டும் குற்றம் சாற்ற எந்தத் தறிக்காரரும் துணியமாட்டார்.

அரிதாகச் சில மரபணு மாற்றங்கள் சற்று வலுவான விளைவுடையனவாக இருக்கின்றன என்பதும் உண்மை. 2022 இல் ‘ஏகாப்11’ என்னும் மரபணு அவ்வாறு அறியப்பட்டது. ஆனால், அத்தகைய மாற்றமுடையோர் நோயாளரிடையேயும் மிகச் சிலரே.

அப்பெரும் ஆய்வில் வருந்தத்தக்க குறை ஒன்றும் உண்டு. அதில் கணக்கிடப்பட்டோர் ஐரோப்பிய, கிழக்காசிய, ஆப்பிரிக்க அமெரிக்க, லத்தீன் அமெரிக்க வழியினர். உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினராகிய தெற்காசியர் அந்த வரிசையில் தனிப் பிரிவாக இடம்பெறவில்லை. நம்முடைய நோய்க்கு நாளை மருந்து தேடும்போது, நம்மைப் பற்றிய கணக்கே இல்லாமல் தேட வேண்டியிருக்கும்.

பெங்களூரிலும் சென்னையிலும்

அந்தக் குறையைப் போக்கும் முயற்சி நமக்கு அண்மையிலேயே நடக்கிறது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம், அங்கிருந்த பழைய மனநல மருத்துவமனையையும் அனைத்திந்திய மனநல நிலையத்தையும் இணைத்து 1974 இல் உருவானது. கொங்கு நாட்டிலிருந்து இரவு வண்டியேறி அங்கே செல்லும் குடும்பங்கள் பல. 2016 ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம், தேசிய உயிரியல் அறிவியல் மையத்தோடும் மூலசெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடும் கைகோத்து, ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் கடும் மனநோயுற்ற குடும்பங்களை ஆராய்ந்து வருகிறது. இருதுருவ நோய் அவற்றுள் ஒன்று.

அங்கே இரத்தத்தை என்ன செய்கிறார்கள்? மரபுப் பொருளைப் படிப்பது ஒன்று. இரத்தச் செல்களை மூலசெல்களாக மாற்றி, அவற்றிலிருந்து நரம்புச் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது மற்றொன்று. நோயாளரின் மூளையைத் தொடாமலேயே அவருடைய நரம்புச் செல்லின் நடத்தையையும், மருந்துக்கு அது காட்டும் எதிர்வினையையும் காண இது வழி செய்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949 இல் அறிவித்த லித்தியம் என்னும் உப்பு இன்றும் இந்நோய்க்கு முதன்மையான மருந்துகளில் ஒன்று. அது சிலரை முற்றும் தேற்றுகிறது. சிலருக்குப் பயன் தருவதில்லை. ஏன் என்பதை இத்தகைய ஆய்வு கண்டுபிடித்தால், ஆண்டுக்கணக்கில் மருந்து மாற்றி மாற்றித் துன்புறும் நிலை குறையும்.

தமிழகத்திலும் முன்னோடிகள் உண்டு. 1794 இல் தோன்றிய சென்னை மனநல மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரை தலைமை தாங்கிய டாக்டர் சாரதா மேனன், 1984 இல் ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பை நிறுவினார். அவ்வமைப்பினர் ஆஸ்திரேலிய அறிஞர்களோடு சேர்ந்து, மனச்சிதைவு நோயுள்ள தமிழ்க் குடும்பங்களின் பரம்பரையை ஆராய்ந்த கட்டுரை 2009 இல் வெளிவந்தது. இரத்தம் தந்து அவ்வறிவுக்கு உதவியவர்கள் நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பத்தாரே.

ஏர்வாடியின் அதிகாலை

நம் சமுதாயம் இவ்வரலாற்றில் எங்கே நிற்கிறது என்பதைப் பேசாமல் கட்டுரையை முடித்தால் அது கோழைத்தனமாகும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை அண்டி நடத்தப்பட்ட தனியார் காப்பகம் ஒன்றில் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். முஸ்லிம்களும் உண்டு, பிற சமயத்தாரும் உண்டு. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்களுடைய சொந்த உறவினரே.

அவ்வுறவினர் கல்நெஞ்சர் அல்லர். ஊரில் வைத்திருந்தால் தெரிந்துவிடும், தங்கைக்கு மணமாகாது, தம்பிக்குப் பெண் கிடைக்காது என்னும் அச்சமும் பலரை அங்கே தள்ளியது. ‘இது அந்தக் குடும்பத்து இரத்தம்’ என்று திண்ணையில் அமர்ந்து பேசும் நம் ஒவ்வொரு வாயும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி.

அதன்பின் நாடு விழித்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னாளில் ஏர்வாடியிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி, ‘தவா - துஆ’ என்னும் ஏற்பாட்டை அரசு செய்தது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் எங்கும் சங்கிலியிடக் கூடாது என்று விதித்தது. ஆயினும் 2015–16 இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இருதுருவ நோயுடைய பத்துப் பேரில் ஏழு பேர் சிகிச்சை பெறாமலேயே இருப்பதைக் காட்டியது. சங்கிலியைச் சட்டம் அவிழ்த்தது. அச்சத்தை நாம்தாம் அவிழ்க்க வேண்டும்.

அந்தத் தாய்க்கு விடை

அம்மையாரிடம் சில நாள் கழித்து நான் சொன்னவை இவை.

இரத்தம் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். மறுத்தால் மகனுக்குக் கிடைக்கும் வைத்தியம் நின்றுவிடக் கூடாது; உங்கள் பெயரையும் ஆய்வாளர் வெளியிடக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 இல் வெளியிட்ட நெறிமுறைகள் இவ்வாறே வகுத்துள்ளன. கையொப்பமிடுமுன் எல்லாவற்றையும் கேட்டறியும் உரிமை உங்களுக்கு உண்டு. இன்னாருக்கு நோய் வரும், இன்னாருக்கு வராது என்று குறிசொல்லும் சோதனை எதுவும் அந்த இரத்தத்தில் இல்லை. 298 இடங்களைக் கண்டவர்களுக்கும் அவ்வாற்றல் இல்லை. ஆகவே, உங்கள் மகளின் மேல் எதையும் அது எழுதிவிடாது.

மணப் பேச்சில் மறைக்க வேண்டாம். மணமகனுக்கோ மணமகளுக்கோ நோயிருந்தால் அதை மறைத்து நிக்காஹ் முடிப்பது ஏமாற்று. மணமக்களுள் ஒருவருடைய ஜுனூனை மண ஒப்பந்தத்தைப் பாதிக்கும் குறைகளுள் ஒன்றாக ஃபிக்ஹு அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே அவர்கள் பேசுவது மணமக்களிடம் உள்ள குறையைத்தான். அண்ணனின் நோயைக் காட்டித் தங்கையின் மணத்தைக் குலைப்பதற்கு அதில் ஆதாரம் தேடுவது வீண். ஒருவர் சுமையை மற்றொருவர் மேல் ஏற்றக்கூடாது என்பது நாம் நாள்தோறும் ஓதும் வேதத்தின் பாடமல்லவா?

ரமலான் வருகிறது. லித்தியம் உண்போர் உடலில் நீர் குறைந்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறி ஆபத்தாகலாம்; உறக்க நேரம் மாறினாலும் நோய் திரும்பலாம். எனவே நோன்பு குறித்து முதலில் மருத்துவரைக் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகை அவனுக்கும் உண்டு. அவராகவோ பிறர் சொல்லியோ மருந்தை நிறுத்த வேண்டாம். துஆ செய்வோம், மருந்தும் உண்ணட்டும். இரவில் அவசரமெனில் 14416 என்னும் அரசின் மனநல உதவி எண் உள்ளது, தமிழிலேயே பேசலாம்.

அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப எங்க மேல தப்பில்லைங்களா ஹஜ்ரத்?” என்றார். “இல்லை அம்மா” என்றேன். அவர் அழுதார். ஆறு ஆண்டுகளாக இந்த ஒரு சொல்லை ஒருவரும் தமக்குச் சொல்லவில்லை என்றார்.

அதன்பின் அவர் பெங்களூர் சென்று குடும்பத்தோடு இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். பெண் கேட்டு வருவோரிடம் மகனின் நோயை ஒளிக்காமல் சொல்கிறார். இரண்டு வீட்டார் தேநீர் அருந்திவிட்டு, மறுமொழி அனுப்பாமல் இருந்துவிட்டனர். மூன்றாவதாக ஒரு வீட்டார் அந்த வாசலுக்கு வரத்தான் போகிறார்கள். அவர்கள் கையில் இந்த இதழ் கிடைக்குமாயின் என் எழுத்து வீணாகவில்லை.